அடுக்கில் இருக்கும் காலம்

மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினால், நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய் வட்டி. அந்த வட்டியைக் கட்டாமல் விட, அதுவும் மாதாமாதம் அசலோடு சேர்ந்து வட்டிக்கு வட்டி ஏறினால், கடன் எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகும்? ஒவ்வொரு மாதமும் கடன் 1.03 மடங்காகிறது. அப்படியானால் 1.03ஐ அதனாலேயே எத்தனை முறை பெருக்கினால் 2 வரும் என்பதுதான் கேள்வி. தெரியாத எண் அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கும் சேர்ந்தாலும் அதை அங்கிருந்து இறக்க முடியாது. அதை இறக்குவதற்கென்றே இருப்பதுதான் மடக்கை, பள்ளியில் ‘லாக்’ என்று சொல்வது. பத்தின் எந்த அடுக்கு 2 என்று கேட்டால் கிடைக்கும் 0.3010தான் 2இன் மடக்கை; அதேபோல 1.03இன் மடக்கை 0.0128. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறத்தாழ இருபத்து மூன்றரை மாதம் என்று வருகிறது. தனி வட்டியாக இருந்தால் 33 மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

மடக்கையை நம் பிள்ளைகள் பெரும்பாலும் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகளின் தொகுப்பாகவே சந்திக்கிறார்கள். அது உண்மையில் ஒரே ஒரு கேள்வி: எத்தனை முறை? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டால் விதிகள் தாமே வந்து சேரும் என்பது என் வாதம். 1614இல் ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் மடக்கை அட்டவணையை வெளியிட்டபோது அதன் பயன் வேறு. வானியலாளர்களும் மாலுமிகளும் நீண்ட எண்களைப் பெருக்கித் திணறிக்கொண்டிருந்தார்கள். மடக்கை பெருக்கலைக் கூட்டலாக்கிக் கொடுத்தது. ஹென்றி பிரிக்ஸ் பத்தை அடிமானமாக, அதாவது அடுக்கேற்றப்படும் எண்ணாக, கொண்டு அதைச் செப்பனிட்டார். அந்தப் பயன் கால்குலேட்டர் வந்ததும் போயிற்று. ஆகவே இந்தப் பாடம் இன்று எதற்கு என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் போனது அட்டவணைதான், ‘எத்தனை முறை’ என்ற கேள்வி போகவில்லை.

கால்குலேட்டரை மட்டும் நம்பி இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எளிய கணக்கே போதும். 2இன் எந்த அடுக்கு 20? நான்காவது அடுக்கு 16, ஐந்தாவது 32. எனவே விடை நான்கைத் தாண்டி, ஐந்தைத் தொடாமல் இருக்க வேண்டும். 20இன் மடக்கையான 1.3010ஐ 2இன் மடக்கையான 0.3010ஆல் வகுத்தால் 4.32 கிடைக்கிறது. பல மாணவர்கள் இங்கே வகுப்பதற்குப் பதிலாகக் கழித்து, 1 என்று எழுதிவிடுகிறார்கள். கழித்தால் கிடைப்பது 20ஐ 2ஆல் வகுத்து வரும் பத்தின் மடக்கை. அது முற்றிலும் வேறு கேள்விக்கான விடை. கருவி இரண்டு விடைகளையும் ஒரே வேகத்தில் காட்டும். நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் என்று முன்கூட்டியே கணித்தவருக்கு மட்டுமே பிழை கண்ணில் படும்.

மடக்கைச் சமன்பாடுகளில் இன்னொரு கண்ணி உண்டு. அடிமானம் 2 என்று கொள்வோம். xஇன் மடக்கையையும் x − 2இன் மடக்கையையும் கூட்டினால் 3 வருகிறது என்பது கணக்கு. மடக்கைகளைக் கூட்டுவது எண்களைப் பெருக்குவதற்குச் சமம். ஆகவே x(x − 2) = 8. இதைத் தீர்த்தால் 4, −2 என இரண்டு விடைகள். 4 சரி. −2 தள்ளப்பட வேண்டியது. 2ஐ எத்தனை முறை பெருக்கினாலும், எத்தனை முறை வகுத்தாலும் குறை எண் வராது. எனவே குறை எண்ணுக்கு இங்கே மடக்கையே கிடையாது. பிறகு அது எப்படி உள்ளே நுழைந்தது? −2ஐயும் −4ஐயும் பெருக்கினால் 8தானே! பெருக்கிய கணத்தில் இரண்டு குறைகளும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. ‘விடையைச் சரிபார்’ என்று பாடநூல் சொல்வது வெறும் சடங்கு அல்ல என்பது இங்கே விளங்கும்.

72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் வந்துவிடுமே, மடக்கை எதற்கு என்று வங்கிக் கணக்குத் தெரிந்தவர்கள் கேட்கலாம். 7 சதவீதத்துக்கு அந்த விதி 10.3 ஆண்டு என்கிறது, மடக்கை 10.24 என்கிறது, மிகவும் நெருக்கம்தான். ஆனால் ஆண்டுக்கு 36 சதவீதம், அதுவும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் அசலோடு சேரும் என்று போட்டால் விதி 2 ஆண்டு என்கிறது, சரியான விடையோ இரண்டேகால். மும்மடங்காக எத்தனை நாள் என்று கேட்டால் விதி வாயே திறக்காது. அந்த 72உம் மடக்கையிலிருந்து பிறந்ததுதான்.

வளர்ச்சிக்கு மட்டுமல்ல, தேய்மானத்துக்கும் இதே கணக்கு. கார்பன்-14இன் அரை ஆயுட்காலம், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், 5,730 ஆண்டு. ஒரு கரித்துண்டில் அது 73 சதவீதமே எஞ்சியிருப்பதாகக் கொண்டால், எத்தனை அரை ஆயுள் கழிந்தது என்று மடக்கை சொல்லும்: 0.454. அதாவது ஏறத்தாழ 2,600 ஆண்டு. கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரி மாதிரியின் காலம் கி.மு. 580 என்று தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்டபோது, அதன் அடியில் இருந்ததும் இந்த வகைக் கணக்குதான். காற்றில் கார்பன்-14இன் அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததா என்று மறுப்பவர்கள் சரியாகவே மறுக்கிறார்கள், இருக்கவில்லை. அதனால்தான் மர வளையங்களைக் கொண்டு விடையைத் திருத்துகிறார்கள். கி.மு. 800க்கும் 400க்கும் இடைப்பட்ட காலத்தில் அந்தத் திருத்தக் கோடு ஏறக்குறையத் தட்டையாகக் கிடப்பதால், அக்காலத்துக் கரிக்கு ஒற்றை ஆண்டைக் குறிப்பது கடினம். தொல்லியல் செய்தியில் ஓர் ஆண்டைப் படிக்கும் வாசகர்கள், அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடைவெளி தரப்பட்டிருக்கிறது என்பதையும் தேடிப் படிக்க வேண்டும்.