‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் என்ன?

“தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழை பெய்யக்கூடும்.” சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கைகளில் அடிக்கடி வரும் வாசகம் இது. அன்று மாலை அம்பத்தூரில் கொட்டித் தீர்க்கும். அடையாற்றில் ஒரு தூறல்கூட விழாது. “இவங்க சொன்னா மழை வராது” என்று அடையாற்றுக்காரர் அலுத்துக்கொள்வார். ஆனால், அறிக்கை சொன்னபடியேதான் நடந்திருக்கிறது.

‘ஓரிரு இடங்கள்’ என்பது பொத்தாம்பொதுவான சொல் அல்ல. ஒரு வட்டாரத்திலுள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகும் என்று கணித்தால்தான் அந்தச் சொல். 26 முதல் 50 சதவீதம் வரை ‘ஒருசில இடங்கள்’, 51 முதல் 75 வரை ‘அநேக இடங்கள்’, அதற்கும் மேல் ‘பெரும்பாலான இடங்கள்’. ‘ஓரிரு இடங்களில் மழை’ என்று அறிவித்த நாளில், முக்கால் பங்கு இடங்களில் மழை இல்லாமல் போவதுதான் இயல்பு.

சில நாள் ஓரிரு இடங்கள், சில நாள் பெரும்பாலான இடங்கள் என மாறுவது ஏன்? அன்றைக்கு வானத்தில் எந்த வகை மேகம் உருவாகிறது என்பதைப் பொறுத்தது அது.

மேகங்களுக்கு முறையான பெயர் சூட்டியவர், லண்டனைச் சேர்ந்த மருந்து தயாரிப்பாளர் லூக் ஹோவர்டு. 1802-இல் அவர் நிகழ்த்திய உரையில் வகுத்த முறையை விரித்துத்தான், இன்று உலக வானிலை அமைப்பு மேகங்களைப் பத்து வகைகளாகப் பிரித்திருக்கிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் வரும் கீற்று, படை, திரள், கார்திரள் எல்லாம் அந்தப் பத்தில் அடங்கும். மழையைப் பொறுத்தவரை இரண்டைத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டியதுபோல: கார்திரள், கார்படை.

கார்திரள் மேகம் வெயிலின் பிள்ளை. தரை சூடேற, அதன்மேல் இருக்கும் ஈரக்காற்று மேலெழுகிறது. உயரே செல்லச் செல்ல குளிர்ந்து, ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் நீராவி துளிகளாகிறது. மேகத்தின் அடிப்பகுதி கோடு போட்டதுபோல் தட்டையாக இருப்பது அதனால்தான். மேல்பகுதி காலிஃபிளவர் பூவைப்போலப் புடைத்து வளரும். அந்தப் புடைப்புகளின் விளிம்பு கூர்மையாகத் தெரியும்வரை அங்கே இருப்பவை நீர்த்துளிகள். விளிம்பு மங்கி, நார்நாராகக் கலையத் தொடங்கினால் உச்சியில் பனிப்படிகங்கள் உருவாகிவிட்டன என்று பொருள். இனி இடி, மின்னலை எதிர்பார்க்கலாம். வெப்பமண்டலத்தில் இதன் உச்சி 15 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். அடுத்து, திடீரென்று குளிர்காற்று வீசும். மேகத்துக்குள்ளிருந்து மழையோடு இறங்கும் காற்று அது. தரையில் மோதி, மழைக்கு முன்பே நம்மிடம் வந்துவிடுகிறது.

இத்தகைய தனி மேகம் ஒன்றின் ஆயுள் சுமார் ஒரு மணி நேரம். அகலம் சில கிலோமீட்டர். அது எந்தத் தெருவுக்கு மேலே எழும் என்று காலையிலேயே யாராலும் சொல்ல முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மாலையில் எழும் மேகங்களை மேற்குக் காற்று இரவில் சென்னை நோக்கித் தள்ளிவருவது வழக்கம். அவற்றுள் எது வழியிலேயே கரையும், எது கடற்கரை வரை வரும் என்பது கடைசி நேரத்தில்தான் தெளிவாகும்.

கார்படை மேகத்தின் குணம் வேறு. வானம் முழுவதும் சாம்பல் நிறத்தில் மூடி, சூரியன் இருக்கும் இடமே தெரியாமல் மறைத்துவிடும். மின்னல் இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. மணிக்கணக்கில் நின்று பெய்யும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும்போது, கார்திரள் மேகங்களோடு இவையும் சேர்ந்து பல மாவட்டங்களை மூடும். தாழ்வுப் பகுதி பெரியது, மெதுவாக நகர்வது. செயற்கைக்கோள் அதை நாள்கணக்கில் பின்தொடர முடியும். ‘பெரும்பாலான இடங்களில் மழை’ என்று முன்கூட்டியே சொல்ல முடிவது இதனால்தான்.

பருவமழைக் காலத்திலும் சிறிய அமைப்புகள் கணிப்பை மீறும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் எதிர்பாராமல் பிடித்த மழை, சில இடங்களில் 20 சென்டிமீட்டரைத் தாண்டியது. இத்தகைய நாள்களில் கைகொடுப்பது டாப்ளர் ரேடார். மேகத்துக்குள் இருக்கும் மழைத்துளிகளையும் அவை நகரும் வேகத்தையும் அது காட்டும். அதை வைத்தே அடுத்த மூன்று மணி நேரத்துக்கான எச்சரிக்கையை வானிலை மையம் வெளியிடுகிறது. காலை அறிக்கையை மட்டும் படித்துவிட்டு இதைத் தவறவிடுபவர்களே நம்மில் அதிகம்.

எனவே, அறிக்கை, ரேடார், வானம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். காலையில் அறிக்கை; அதில் இடத்தின் அளவைச் சொல்லும் சொல்லையும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற எச்சரிக்கை நிறத்தையும் கவனியுங்கள். மதியத்துக்கு மேல் ரேடார் படமும் மூன்று மணி நேர எச்சரிக்கையும். வெளியே கிளம்பும் முன் வானம்: தென்மேற்குப் பருவத்தில் மேற்கே, வடகிழக்குப் பருவத்தில் கடல் பக்கம். மின்னல் தெரிந்து 30 விநாடிக்குள் இடி கேட்டால், மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வயலில் இருந்தாலும் மொட்டை மாடியில் இருந்தாலும் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள்.