எலியைச் சூடாக்கிக் காத்திருப்பவர்கள்

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், கடி வாங்கிய கதைகளைவிடப் பட்டினிக் கதைகள்தான் அதிகம் வரும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த எலியை உருகவிட்டு, வெந்நீரில் சூடேற்றி, நீளமான இடுக்கியில் பிடித்து நீட்டுவார்கள். பாம்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அடுத்த வாரமும் அப்படியே, அடுத்த மாதமும் அப்படியே. இந்த விரதத்துக்குப் பேர்போனது பந்து மலைப்பாம்பு. பசியே இல்லாமல் இரண்டு மூன்று மாதம் அது நிம்மதியாகக் கிடக்கும். தூக்கம் கெடுவது வளர்ப்பவருக்குத்தான்.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து உகாண்டா வரை, புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் வாழும் இனம் இது. நம்மூர் மலைப்பாம்பைப் பார்த்தவர்களுக்குக் குட்டியாகத் தெரியும். முழுதாக வளர்ந்தாலும் மூன்று முதல் ஐந்து அடிதான். பயந்தால் கடிக்க வராது. தலையை நடுவில் ஒளித்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். பெனின் நாட்டின் உய்தா நகரில் இந்தப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. அங்கிருந்து நழுவி வெளியே போய் யார் வீட்டிலாவது நுழைந்துவிட்டால், வீட்டுக்காரர்கள் மரியாதையாகக் கொண்டுவந்து விட்டுப் போவார்கள். அதே பெனினும் அண்டை நாடுகளான டோகோ, கானாவும்தான் இதுவரை பல லட்சம் பந்து மலைப்பாம்புகளை உலகச் சந்தைக்கு அனுப்பியிருக்கின்றன. சாதுவாக இருப்பதே சில உயிர்களுக்கு வினையாகிறது.

சாப்பிடாமல் இருப்பது எப்படி இதற்குச் சாத்தியமாகிறது? இதற்கான விடை பந்து மலைப்பாம்பின் பெரிய உறவான பர்மிய மலைப்பாம்பை ஆராய்ந்தபோது கிடைத்தது. உடலியல் ஆய்வாளர்கள் ஸ்டீஃபன் சீக்கோரும் ஜாரெட் டைமண்டும் 1990களில் செய்த ஆய்வுகள் செரிமானம் பற்றிய துறையையே திருப்பிப்போட்டன. நம் குடல் நாளுக்கு மூன்று வேளை வேலை இருக்கும் என்று நம்பி எப்போதும் தயாராகவே இருக்கிறது. மலைப்பாம்பு அப்படிச் செலவு செய்வதில்லை. சாப்பாடு இல்லாத நாட்களில் அதன் குடல் சுருங்கி, உறிஞ்சும் நுண்விரல்கள் குட்டையாகி, இரைப்பையில் அமிலம் சுரப்பதுகூட நின்றுவிடுகிறது. பட்டினி கிடக்கும் மலைப்பாம்பின் இரைப்பை ஏறக்குறைய வெறும் தண்ணீரைப் போலக் காரமும் அமிலமும் அற்று இருக்கும்.

ஓர் இரை உள்ளே போனதும் காட்சி மாறுகிறது. இரண்டொரு நாளில் சிறுகுடலின் எடை இரட்டிப்பாகிறது. ஈரலும் சிறுநீரகமும் பெருக்கின்றன. இதயத் தசை 48 மணி நேரத்துக்குள் சுமார் 40 சதவீதம் கூடுவதாக 2005-ல் வந்த ஆய்வொன்று காட்டியது. ஆக்சிஜன் செலவு, இரை மிகப் பெரிதாக இருந்தால், ஓய்வு நிலையைப்போல் 40 மடங்குக்கும் மேல் ஏறுகிறது. வெளியே அசையாமல் படுத்திருக்கும் பாம்பு, உள்ளுக்குள் ஓடும் பந்தயக் குதிரைக்கு நிகராக உழைக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. வேலை முடிந்ததும் எல்லாம் மறுபடி சுருங்கிவிடும். இந்த இதயம் நோயின்றிப் பெருத்து நோயின்றிச் சுருங்குவது எப்படி என்று கொலராடோ பல்கலைக்கழகத்தின் லெஸ்லி லைன்வாண்ட் குழு தேடிப்போனது. சாப்பிட்ட பாம்பின் ரத்தத்தில் இருக்கும் மூன்று கொழுப்பமிலங்களின் கலவையைச் சுண்டெலிக்குச் செலுத்தினால் அதன் இதயமும் ஆரோக்கியமாக வளர்வதை 2011-ல் கண்டார்கள். மனித இதய நோய்க்கான மருந்து ஆராய்ச்சிக்கு மலைப்பாம்பு வந்து சேர்ந்தது இந்த வழியில்தான்.

ஆகவே, பாம்புக்குச் சோறு போடுவது என்பது தூங்கும் இயந்திரம் ஒன்றை முழு வேகத்தில் முடுக்கிவிடுவது. குட்டிக்கு வாரம் ஒரு முறை, வளர்ந்ததற்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை போதும். இரை, பாம்பின் உடம்பில் மிகத் தடித்த பகுதியின் அளவுக்கு இருந்தால் சரி. பாசத்தில் அடிக்கடி ஊட்டுபவர்கள் பாம்பைக் கொழுக்க வைக்கிறார்கள். வீட்டுப் பாம்புகளுக்குப் பட்டினியைவிட உடல் பருமன்தான் பெரிய தொல்லை. எடை பெரிதாக இறங்காதவரை விரதத்தைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

எலியை ஏன் சூடாக்க வேண்டும்? பந்து மலைப்பாம்பின் உதட்டோரச் செதில்களில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. அவற்றின் வழியே வெப்பத்தை அது உணர்கிறது. கும்மிருட்டிலும் ஓர் எலி அதற்குத் தனித்துத் தெரியும். இந்த உணர்வைத் தரும் புரதத்தை உடலியல் ஆய்வாளர் டேவிட் ஜூலியஸின் குழுவினர் 2010-ல் அடையாளம் கண்டார்கள். நம் உடம்பிலும் அதே புரதம் இருக்கிறது, கடுகின் காரத்தை உறைக்கவைக்கும் வேலையில். வெப்ப உணர்வைப் பற்றிய ஆய்வுகளுக்காக ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்த குளிர்ந்த எலி, இந்தக் குழிகளுக்கு எலியே இல்லை. முதல் நாள் இரவு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் உருகவிட்டு, கொடுக்கும் முன் வெந்நீரில் உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. உள்ளே வெந்து வயிறு வெடித்துவிடும்.

செத்த எலி என்பது தெரியாமல் பாம்பு அதைப் பாய்ந்து கவ்வி, சுற்றி இறுக்கும். இறுக்கினால் மூச்சு முட்டித்தான் இரை சாகிறது என்று பாடப் புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. டிக்கின்சன் கல்லூரியின் ஸ்காட் போபக் 2015-ல் போவா பாம்புகளை வைத்து அளந்து பார்த்தபோது, நுரையீரலுக்கு முன்பே ரத்த ஓட்டம் நின்றுபோவது தெரிந்தது. எலியின் ரத்த அழுத்தம் நொடிகளில் பாதியாகிவிடுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அவர் 2012-ல் செய்த சோதனை. செத்த எலிக்குள் துடிக்கும் செயற்கை இதயத்தைப் பொருத்திப் பாம்புக்குக் கொடுத்தார். துடிப்பு இருக்கும்வரை பாம்பு விடாமல் இறுக்கியது, நிறுத்தியதும் தளர்த்தியது. வாழ்நாளில் உயிருள்ள இரையையே பார்க்காத பாம்புகளும் அப்படித்தான் செய்தன. இடுக்கியில் பிடித்த எலியை அனுபவசாலிகள் லேசாக ஆட்டிக் காட்டுவதற்குக் காரணம் இதில் இருக்கிறது.

உயிரோடு எலியைப் போட்டால்தான் ‘இயற்கை’ என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. காட்டில் பாம்பு இடம்பார்த்துப் பதுங்குகிறது, எலிக்கும் ஓட வழியிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டும் கிடையாது. பசிக்காத பாம்போடு இரவு முழுக்க அடைபட்ட எலி, அதன் முதுகைக் கடித்து எலும்பு தெரியும்வரை தின்றிருக்கிறது. ஊர்வன மருத்துவர்களுக்குப் பழக்கமான காயம் அது.

சிலவற்றுக்கு எலியே பிடிக்காது. நைஜீரியாவில் செய்த கள ஆய்வில், சின்னப் பந்து மலைப்பாம்புகளின் வயிற்றில் பெரும்பாலும் பறவைகளும் பெரியவற்றின் வயிற்றில் பாலூட்டிகளும் இருந்தன. ஆகவே அடம்பிடிக்கும் பாம்புக்குக் கோழிக்குஞ்சு காட்டிப் பார்ப்பதும், அதன் சொந்த மண்ணின் மென்ரோம ஆப்பிரிக்க எலியைக் கொடுத்துப் பார்ப்பதும் வெறும் செல்லம் என்று சொல்ல முடியாது.

விழுங்கியாயிற்று. இனி இரண்டு நாள் கை வைக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் ஊட்டுவதும் கையாளுவதும் ஒரே விஷயமாகின்றன. இரை சுமந்த வயிற்றோடு தூக்கினால் பாம்பு மிரண்டு இரையைக் கக்கிவிடும். தப்பி ஓட எடை குறைய வேண்டுமே. அமிலமும் பாதி செரித்த எலியும் தொண்டை வழியே திரும்புவது சின்ன விஷயமில்லை. அதன்பின் இரண்டு வாரமாவது வயிற்றைச் சும்மா விட வேண்டும். கூட்டில் சூடு போதாவிட்டாலும் இதேதான் நடக்கும். பாம்பின் செரிமானத்துக்கு அடுப்பு வெளியே இருக்கிறது. கூட்டின் ஒரு மூலை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும், மறு மூலை 26 டிகிரியை ஒட்டி. வேண்டிய சூட்டை அதுவே நகர்ந்து தேடிக்கொள்ளும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் எலி வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும்.

கையில் எடுப்பதற்கும் முறை உண்டு. மேலிருந்து கை இறங்கினால் அது பருந்து. பக்கவாட்டில் போய், உடம்பின் நடுப்பகுதியை இரண்டு கைகளாலும் தாங்கி எடுக்க வேண்டும். தலையைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. எடுக்கும் முன் வளைந்த கம்பி ஒன்றால் மெல்லத் தட்டினால், ‘இது சாப்பாட்டு நேரமில்லை’ என்பது நாளடைவில் அதற்குப் பழகிவிடும். எலியைத் தொட்ட கையோடு போவது மடத்தனம்: நம் கை சூடாகவும் எலி வாசத்தோடும் இருந்தால், பாம்பின் கணக்கில் அது எலிதான். அப்படிக் கவ்வினாலும் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பின்னோக்கி வளைந்த பற்கள் முறிந்து தோலுக்குள் தங்கிவிடும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் விட்டுவிடும். சட்டை உரிக்கப்போகும் நாட்களில் கண் பாலாடை படர்ந்ததுபோல் மங்கும். அப்போதும் தொந்தரவு செய்யக் கூடாது.

தோளில் சுருண்டு கிடக்கும் பாம்பைக் காட்டி, ‘என்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள்’ என்பார்கள். நம் உடம்பின் சூடு அதற்குப் பிடித்திருக்கிறது என்பதற்குமேல் நான் அதற்கு அர்த்தம் கொள்ள மாட்டேன். நாக்கை நிதானமாக நீட்டி நீட்டி இழுத்தபடி ஊர்ந்தால் அது அமைதியாக இருக்கிறது. பந்தாகச் சுருண்டால், கழுத்தை வளைத்துப் பின்வாங்கினால், உடனே கூட்டில் விட்டுவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஏனென்றால் ஆரோக்கியமான பாம்பின் குடலிலும் சால்மொனெல்லா இருக்கலாம். உறைந்த எலிகளிலும் அது சாவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டுக்குப் பாம்பு வேண்டாம் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் நெடுநாள் அறிவுரை.

வாங்குபவர்கள் யோசிக்காத இன்னொன்று ஆயுள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 30 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். 1961-ல் தனியார் ஒருவரிடமிருந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு வந்த ஒரு பந்து மலைப்பாம்பு, 60 வயதைத் தாண்டிய பிறகு 2020-ல் ஏழு முட்டைகள் இட்டது. பல ஆண்டுகளாக அது எந்த ஆண் பாம்பையும் நெருங்கியதில்லை.

நம் நாட்டில் உள்ளூர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. விஷம் எடுப்பதற்காகப் பிடிக்கும் இருளர்களே உரிமம் வாங்கித்தான் பிடிக்கிறார்கள். பந்து மலைப்பாம்பு வெளிநாட்டு இனம் என்பதால் வேறு விதி: 2024-ல் வந்த விதிகளின்படி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்போர் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையத்தில் வந்திறங்கும் பெட்டிகளில் இந்தப் பாம்புகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. துணிப்பைகளில் கட்டி, சூடும் தண்ணீரும் இல்லாமல் கடத்திவரப்படும் பாம்பு, வந்த இடத்தில் வாய் திறப்பது அபூர்வம். பிடிபட்டவை அடுத்த விமானங்களில் பாங்காக்குக்கே திருப்பி அனுப்பப்படுகின்றன. அந்தச் செலவை, கொண்டுவந்த பயணியின் தலையில் கட்டுகிறார்கள்.