பின்பக்கம் அமுங்கினால் முன்சக்கரத்தைப் பாருங்கள்

டிராவல் டிரெய்லரை மாட்டியதும் பிக்கப்பின் பின்பக்கம் நான்கைந்து அங்குலம் அமுங்குகிறது. முகப்பு விளக்கு மேலே தூக்கிக்கொண்டு எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கிறது. அமெரிக்காவில் பலர் உடனே செய்வது, பின் ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுக்கும் ஏர் ஸ்பிரிங் ஒரு ஜோடி வாங்கி மாட்டிக் காற்றடிப்பது. வண்டி நேராக நிமிர்ந்துவிடும், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும், இனி கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் வித்தியாசம்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்றால் புரியும். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கிக்கொள்ளும். டிரெய்லரிலும் இதே கணக்குதான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம், பிக்கப்பின் பின்னால் டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தின்மேல் உட்கார வேண்டும். இதை டங் வெயிட் என்கிறார்கள். 7,000 பவுண்டு டிரெய்லருக்கு 12 சதவீதம் என்றால் 840 பவுண்டு.

அந்த 840 பவுண்டு பின் ஆக்சிலுக்கு நேர் மேலே இறங்குவதில்லை, அதற்குப் பின்னால் சுமார் ஐந்தடி தள்ளி இறங்குகிறது. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே பன்னிரண்டு அடி என்று வைத்துக்கொண்டால், முன்சக்கரங்கள் 350 பவுண்டை இழக்கின்றன. பின் ஆக்சில் 840 அல்ல, 1,190 பவுண்டைச் சுமக்கிறது. ஸ்டியரிங் திருப்புவதும் பிரேக் பிடிப்பதில் பெரும்பங்கும் முன்சக்கரங்களின் வேலை. மழையில், இறக்கத்தில், பக்கத்தில் பெரிய லாரி கடக்கும்போது அந்த 350 பவுண்டின் அருமை தெரியும். ஏர் ஸ்பிரிங் பின்பக்கத்தைத் தூக்குமே தவிர, முன்சக்கரம் இழந்த பாரத்தில் சொல்லும்படி எதையும் திருப்பித் தராது.

இதைவிட மோசமான கைவைத்தியம் ஒன்று உண்டு. டிரெய்லரின் முன்பகுதிச் சாமான்களை எடுத்துப் பின்கோடியில் அடுக்குவது. பிக்கப் நிமிரும், உண்மைதான். ஆனால் டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வால் ஆட்ட ஆரம்பிக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அந்த ஆட்டம் ஒருமுறை பெருத்துவிட்டால் பிக்கப்பையும் சேர்த்தே கவிழ்த்துவிடும். பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து போகிறவரைவிட இப்படிச் ‘சரி’ செய்துகொண்டு போகிறவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

சரி, முதலில் எதைப் பார்ப்பது? ஓட்டுநர் கதவைத் திறங்கள். கதவுச் சட்டத்தில் டயர் காற்றழுத்தம் சொல்லும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி ஒட்டப்படுவது அது. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு வண்டிக்கான எண். விளம்பரத்தில் வரும் ‘இழுதிறன் 11,000 பவுண்டு’ போன்ற எண்ணுக்கும் இதற்கும் வெகுதூரம்.

ஸ்டிக்கரில் 1,500 என்று போட்டிருக்கிறது என்று கொள்வோம். டங் வெயிட் 840. ஹிட்ச் சாதனம் ஒரு 90. ஓட்டுநரையும் சேர்த்து நால்வர் கொண்ட குடும்பம் 560. ஆக 1,490 ஆகிவிட்டது. ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், சைக்கிள் எதுவும் இன்னும் ஏறவில்லை. இழுதிறனில் பாக்கி நாலாயிரம் பவுண்டு இருக்கிறதே என்று நினைத்தவர்கள், பேலோடு எனப்படும் இந்த ஸ்டிக்கர் வரம்பில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். ஏர் ஸ்பிரிங் போட்டால் இந்த வரம்பு கூடிவிடும் என்று யாராவது கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். ஆக்சில், டயர், பிரேக், சட்டகம் எல்லாம் பழையவைதானே. அவற்றின் உச்ச எடை ஒரு பவுண்டும் ஏறாது.

டிரெய்லர் பக்கத்திலும் கவனம் வேண்டும். விற்பனைத் தாளில் இருப்பது பெரும்பாலும் வெற்று எடை. தண்ணீர், எரிவாயு சிலிண்டர், பேட்டரி, சமையல் சாமான், துணிமணி எல்லாம் அதற்கு மேல். 40 காலன் தண்ணீரே 330 பவுண்டுக்கு மேல் வரும். அந்தத் தொட்டி ஆக்சிலுக்கு முன்னால் இருந்தால் டங் வெயிட் கூடும், பின்னால் இருந்தால் குறையும். ‘அரை டன் பிக்கப்பே இழுக்கும்’ என்ற வாசகம் விற்பனைப் பேச்சு, சட்ட வரையறை கிடையாது.

வரம்புக்குள் இருந்தும் பின்பக்கம் அமுங்கினால் அதற்கு உரிய மருந்து, எடைப் பகிர்வு ஹிட்ச். ஹிட்ச் தலையிலிருந்து இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் டிரெய்லரின் சட்டத்துக்குப் போகும். அவற்றை இழுத்து முறுக்கேற்றும்போது பிக்கப்பின் பின்பாரத்தில் ஒரு பங்கு முன் ஆக்சிலுக்கும் இன்னொரு பங்கு டிரெய்லர் ஆக்சிலுக்கும் போகிறது. வாங்குமுன் பிக்கப்பின் கீழே குனிந்து, ஹிட்ச் பொருத்தும் சதுரக் குழாயில் உள்ள லேபிளைப் படியுங்கள். எடைப் பகிர்வு இருந்தால் எவ்வளவு, இல்லாவிட்டால் எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் போட்டிருக்கும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கலாம். சில வண்டிகளுக்கு இந்தச் சாதனமே கூடாது என்று கையேடு சொல்லும். கையேட்டை மீறக் கூடாது.

மாட்டிவிட்டால் போதாது, எடை போட்டுப் பார்க்க வேண்டும். லாரி நிறுத்தங்களில் உள்ள கேட் ஸ்கேல் எடைமேடை இதற்கு வசதி. முன் ஆக்சில் ஒரு தட்டிலும் பின் ஆக்சில் அடுத்ததிலும் டிரெய்லர் சக்கரங்கள் மூன்றாவதிலும் நிற்கும்படி நிறுத்தினால் மூன்று எடையும் தனித்தனியாகக் கிடைக்கும். பயணத்துக்குப் போகும் அதே சாமானோடு, குடும்பத்தோடு போய் மூன்று முறை நிறுக்க வேண்டும்: கம்பிகளை முறுக்கியபடி ஒன்று, கம்பிகளைத் தளர்த்தி ஒன்று, டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுப் பிக்கப்பை மட்டும் ஒன்று. தனி பிக்கப்பில் முன் ஆக்சில் 3,200, கம்பி தளர்ந்த நிலையில் 2,850 என்று வந்தால் இழப்பு 350. இதில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதைக் கையேடு சொல்லும். பாதி என்றால் 3,025 வரும்வரை கம்பியைச் சரிசெய்ய வேண்டும். ஆர்வக்கோளாறில் 3,200-ஐயும் தாண்டி முறுக்கினால் பின்சக்கரத்தின் பிடி குறைந்து வளைவில் வால் வழுக்கும். இதெல்லாம் முடிந்த பிறகும் ஓரிரு அங்குலம் தாழ்ந்திருந்தால் பரவாயில்லை, அப்படியே விடலாம். அப்போது கொஞ்சம் ஏர் ஸ்பிரிங் போடுவதிலும் தவறில்லை.

இனி சட்டம். டிரெய்லரை ஷோரூமில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டு, மூன்று நாளைக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்புகிறவர்கள் நிறைய. கூட்டரசு வர்த்தக ஆணையத்தின் மூன்று நாள் விதி, விற்பவரின் சொந்தக் கடையில் வாங்கியதற்குச் செல்லாது. ஆகவே உங்கள் கதவு ஸ்டிக்கரின் புகைப்படத்தைக் காட்டி, ‘இந்தப் பிக்கப் இந்த டிரெய்லரைப் பாரத்தோடு இழுக்கும்’ என்று விற்பனையாளர் சொல்வதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அதுவே பதில்.

வேறு நிறுவனத்து ஹிட்சோ ஸ்பிரிங்கோ போட்ட ஒரே காரணத்தால் உத்தரவாதம் போச்சு என்று டீலர் சொல்ல முடியாது. 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் உத்தரவாதச் சட்டத்தின்படி, அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் எடை வரம்பை மீறி ஆக்சிலையோ டயரையோ கெடுத்துக்கொண்டால் இந்தச் சட்டம் கைகொடுக்காது. திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கான ‘லெமன்’ சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: டெக்சஸில் இழுத்துச் செல்லும் டிரெய்லர்களும் அதில் அடக்கம், பல மாநிலங்களில் இல்லை. பிரேக் விதியும் அப்படியே. கலிபோர்னியாவில் 1,500 பவுண்டிலேயே டிராவல் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம், டெக்சஸில் 4,500-ஐத் தாண்டினால்தான். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல் என்பதும் பலருக்கு அபராதச் சீட்டு வந்த பிறகே தெரிகிறது.

ஹிட்ச், சட்டகம், ஆக்சில், எடை லேபிள் இவற்றில் தயாரிப்புக் குறை என்று சந்தேகம் வந்தால் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையதளத்திலோ 888-327-4236 என்ற எண்ணிலோ புகார் செய்யலாம். பிக்கப்பின் எண்ணைப் போலவே டிரெய்லரின் 17 இலக்க அடையாள எண்ணையும் அங்கே தட்டிப் பாருங்கள். தயாரிப்பாளரின் திரும்ப அழைப்பு (ரீகால்) நிலுவையில் இருந்தால் பழுதுபார்ப்பு இலவசம், இரண்டாம் கையாக வாங்கியவருக்கும்தான்.