நடுவில் எப்போதும் ஒன்பது

திண்டிவனம் பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றிலிருந்து ஓர் ஆசிரியை கடிதம் எழுதியிருந்தார். நான்கே வரி. அவருடைய நான்காம் வகுப்புப் பிள்ளைகள் கூட்டலைத் தயங்காமல் போடுகிறார்கள். கழித்தலும் போடுகிறார்கள். ‘கடன் வாங்கு’ என்ற இடம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். எண் வித்தை ஏதாவது காட்டினால் இந்தப் பயம் போகுமா என்று கேட்டிருந்தார்.

போகும். கடன் வாங்கும் இடத்திலேயே குடியிருக்கும் வித்தை ஒன்று உண்டு. ஆசிரியர்கள் பலருக்கும் அது தெரிந்ததுதான். ஆண்டு விழா மேடையில் காட்டிக் கைதட்டல் வாங்கிவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

வித்தை இப்படிப் போகும். ஆசிரியர் ஒரு துண்டுத் தாளில் எதையோ எழுதி, நான்காக மடித்து, முதல் பெஞ்சுப் பிள்ளையின் சட்டைப் பையில் வைத்துவிடுகிறார். பிறகு வகுப்பில் உள்ள ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த மூன்று இலக்க எண் ஒன்றை எழுத வேண்டும். முதல் இலக்கமும் கடைசி இலக்கமும் ஒன்றாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. எழுதிய எண்ணைத் திருப்பிப் போட்டு, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும். வந்த விடையையும் திருப்பிப் போட்டு, இம்முறை கூட்ட வேண்டும். ஒருத்தி 731 எழுதுகிறாள். 731-இல் 137 போனால் 594. அதைத் திருப்பினால் 495. இரண்டும் சேர்ந்து 1089. இன்னொருவன் 402 எழுதுகிறான். 402-இல் 204 போனால் 198. அதோடு 891 சேர்ந்தால் மறுபடியும் 1089. சட்டைப் பையிலிருந்த தாளைப் பிரித்தால் அதிலும் 1089.

எண்ணைத் தேர்ந்தெடுத்தது அவரவர். விடை மட்டும் எல்லோருக்கும் ஒன்று. ஏன்?

இதை எழுதுபவர் வளர்ந்தது ஆறு குடித்தனங்கள் இருந்த ஒரு வீட்டில். ஒண்டுக் குடித்தனம் என்பார்கள். சர்க்கரை தீர்ந்தால் அடுத்த வீட்டுக்கு டம்ளரோடு போவது அங்கே அன்றாட வழக்கம். சில நாள் அந்த அடுத்த வீட்டிலும் இருக்காது. அவர்கள் தங்களுக்கு அடுத்த வீட்டில் வாங்கி, அதிலிருந்து இவர்களுக்குக் கொடுப்பார்கள். 731-இல் 137 என்ற கழித்தலில் நடப்பது அதே சமாச்சாரம். ஒன்றுகள் வீட்டில் இருப்பது 1, கொடுக்க வேண்டியது 7. அது பத்துகள் வீட்டின் கதவைத் தட்டுகிறது. பத்துகள் வீட்டிலோ இருப்பதும் 3, கொடுக்க வேண்டியதும் 3. திருப்பிப் போடும்போது நடு இலக்கம் இடம் மாறுவதில்லை அல்லவா? அதனால் எந்த எண்ணை எடுத்தாலும் அந்த வீட்டில் வரவும் செலவும் சரிக்குச் சரி. அதில் ஒன்றை எடுத்துக் கடன் கொடுத்துவிட்டதால் இப்போது ஒன்று குறைகிறது. நூறுகள் வீட்டில் போய்ப் பத்து வாங்கி வந்து, குறைந்த ஒன்றைச் சரிக்கட்டினால் மிச்சம் 9.

நடுவில் எப்போதும் ஒன்பது வருவது இதனால்தான்.

ஓரங்களில் இருக்கும் இரண்டு இலக்கங்களின் கதையும் கடன் கதைதான். முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் 6 என்றால், நூறுகள் வீடு ஒன்றைக் கொடுத்துவிட்டு 5 ஆகிறது; ஒன்றுகள் வீடு பத்து வாங்கி, 6 குறைந்து 4 ஆகிறது. ஐந்தும் நான்கும் ஒன்பது. வித்தியாசம் எதுவானாலும் ஓரங்கள் இரண்டும் சேர்ந்தால் ஒன்பதுதான். ஆகவே திருப்பிப் போட்டுக் கூட்டும்போது ஒன்றுகளில் 9, பத்துகளில் இரண்டு ஒன்பது சேர்ந்து 18, நூறுகளில் 9. ஒன்பதும் நூற்றெண்பதும் தொள்ளாயிரமும் சேர்ந்து 1089. குழந்தை எதைக் கண்டு பயந்ததோ அந்தக் கடன்தான் வித்தையின் உயிர். 402 போன்ற எண்ணில் பத்துகள் வீட்டில் இருப்பதே பூஜ்யம், அது முதலில் கடன் வாங்கினால்தான் கடன் கொடுக்க முடியும். பாடப்புத்தகக் கழித்தலில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அந்தச் சறுக்கலைத் தாண்டினால் 1089 கையில் கிடைக்கும் என்றால் தாண்டிப் பார்க்கவே எந்தப் பிள்ளையும் விரும்பும்.

ஆசிரியருக்கும் இதில் பெரிய வசதி இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் நாற்பது வேறு வேறு கணக்கைப் போடுகிறார்கள். திருத்துவதற்கு விடை ஒன்றே ஒன்று. 1079 வந்த பிள்ளைக்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட வேண்டியதில்லை. தனக்குத் தப்பிவிட்டது என்று அதற்கே தெரிந்துவிடும். எங்கே தப்பியது என்று தானே மேலேறித் தேடும். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதவும் வழியில்லை, அவன் எண் வேறு. ஒரே ஆசிரியர் மூன்று வகுப்புகளைக் கட்டி மேய்க்கும் பள்ளிகளில் இது சின்ன உதவி இல்லை.

வித்தை ஒரே ஓர் இடத்தில் கவிழும். 352-ஐ எடுத்துக்கொண்டால் 352-இல் 253 போக 99. அதைத் திருப்பினாலும் 99. இரண்டும் சேர்ந்தால் 198தான் வரும். வித்தை பொய்த்துவிட்டது என்று பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள். ஆசிரியர் பதற வேண்டாம், அவர் காத்திருக்க வேண்டிய தருணமே இதுதான். 99-ஐ 099 என்று எழுதச் சொல்லுங்கள். திருப்பினால் 990. இப்போது கூட்டினால் 1089.

கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடித்தவர்களுக்குப் பூஜ்யத்தின் வேலை புரியும். துண்டில் ஆள் இல்லை. ஆனால் அந்த இடம் காலியும் இல்லை. துண்டை எடுத்துவிட்டால் மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள், வரிசை முழுக்க மாறிப்போகும். இடமதிப்பு என்று இரண்டு வாரம் பாடம் நடத்தியும் விளங்காதது, கவிழ்ந்துபோன வித்தை ஒன்றால் பத்து நிமிடத்தில் விளங்கும். பாடப்புத்தகத்தில் இந்த வித்தையை அச்சிடுகிறவர்கள் ‘முதல், கடைசி இலக்கங்களின் வித்தியாசம் குறைந்தது இரண்டாக இருக்க வேண்டும்’ என்பது போன்ற நிபந்தனைகளைப் போட்டு இந்தச் சிக்கலைத் தவிர்த்துவிடுவதுண்டு. தவிர்க்கவே கூடாதது அதுதான்.

எண்ணைத் திருப்பிப் போட்டும் மாற்றி அடுக்கியும் பார்ப்பதை வாழ்நாள் வேலையாகவே செய்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். தத்தாத்ரய ராமச்சந்திர காப்ரேக்கர், 1905-இல் மகாராஷ்டிரத்தின் தஹாணுவில் பிறந்தவர். புனே ஃபெர்குசன் கல்லூரியில் படித்தவர். 1930 முதல் 1962-இல் ஓய்வு பெறும்வரை நாசிக் அருகே தேவ்லாலியில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். அவர் கண்டெடுத்த எண் 6174. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறு வரிசையில் அடுக்கியதைக் கழிக்க வேண்டும். வந்த விடைக்கும் அதையே செய்ய வேண்டும். 2024-ஐ எடுத்தால் 4220-இல் 0224 போக 3996. பிறகு 9963-இல் 3699 போக 6264. அடுத்து 6642-இல் 2466 போக 4176. கடைசியாக 7641-இல் 1467 போக 6174. இதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174-ஏ வரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு கழித்தலுக்குள் அங்கே வந்து சேர்ந்துவிடும்.

இங்கேயும் துண்டை மறந்தால் ஆபத்து. 1000-இல் தொடங்கினால் முதல் விடை 999. அதை 0999 என்று எழுதினால் 8991, 8082, 8532 என்று போய் 6174-ஐ அடையலாம். பூஜ்யத்தை விட்டுவிட்டால் 999-இல் 999 போய், கையில் ஒன்றுமே மிஞ்சாது.

இதன் காரணத்தை மேல் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே தோண்டலாம். கழித்த விடையைத் தீர்மானிப்பவை இரண்டே வித்தியாசங்கள்: பெரிய இலக்கத்துக்கும் சிறிய இலக்கத்துக்கும் இடையே உள்ளது ஒன்று, நடுவில் நிற்கும் இரண்டுக்கும் இடையே உள்ளது மற்றொன்று. முதலாவதை 999-ஆலும் இரண்டாவதை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் விடை. முதலாவது 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது முதலாவதை மீற முடியாது. எண்ணிப் பார்த்தால் வருவது 54 சாத்தியங்கள்தான். எட்டாயிரத்துச் சொச்சம் எண்களும் முதல் கழித்தலிலேயே 54 ஆகச் சுருங்கிவிடுகின்றன.

மூன்று இலக்கத்தில் இதே வேலையைச் செய்தால் 495-இல் போய் நிற்கும். இரண்டு இலக்கத்தில் நிற்கவே நிற்காது. 81, 63, 27, 45, 09 என்று ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்பதாம் வாய்ப்பாட்டைப் பாதி மறந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த ராட்டினம் போதும்.

காப்ரேக்கர் 6174-ஐ 1949-இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார். நம் ஊரில் முதலில் கேட்கப்பட்ட செய்தி அது. ஆனாலும் இது விளையாட்டு, கணிதமாகாது என்று ஒதுக்கியவர்களே இங்கே அதிகம். 1975-இல் அமெரிக்காவில் கணித விளையாட்டுகளைப் பற்றி எழுதிவந்த மார்ட்டின் கார்ட்னர் அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’, அதாவது மகிழ்ச்சி தருவது, என்று பெயர் வைத்தவரும் அவரே. ராமானுஜனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 அப்படிப்பட்ட எண். இலக்கங்களைக் கூட்டினால் 19. அந்த 19-ஐ, அதைத் திருப்பிப் போட்ட 91-ஆல் பெருக்கினால் 1729.

சென்னைக்கும் அப்படி ஓர் ஆசிரியர் இருந்தார். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன், ராயபுரத்தில் ராமானுஜனுக்கு அருங்காட்சியகம் அமைத்தவர். காலண்டரை வைத்து எண்களோடு விளையாடுவது பற்றித் தனி நூலே எழுதினார். நகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் எந்த வீட்டுச் சுவரிலும் தொங்கும். அதில் மூன்று வரிசை, மூன்று நிரலாக ஒன்பது தேதிகளைக் கட்டம் கட்டி, மிகச் சிறிய தேதியை மட்டும் பிள்ளை சொல்லட்டும். அதோடு 8-ஐக் கூட்டி ஒன்பதால் பெருக்கினால் ஒன்பது தேதிகளின் மொத்தம். 6 என்று சொன்னால் நடுத் தேதி 14, மொத்தம் 126. நடுவில் இருப்பதைவிட ஒன்று எவ்வளவு குறைகிறதோ, அதன் எதிரில் இருப்பது அவ்வளவு கூடுகிறது என்று எட்டு வயதுப் பிள்ளை விரலை வைத்துக் காட்டிவிடும்.

வித்தையைக் காட்டிவிட்டு ரகசியத்தைப் பூட்டி வைப்பதுதான் பெரிய தவறு. மேடை வித்தைக்காரர் தொப்பியைத் திறந்து காட்ட மாட்டார், அது அவர் பிழைப்பு. ஆசிரியரின் வேலை அதற்கு நேர் எதிர். ‘எப்படி?’ என்று ஒரு பிள்ளை கேட்பதற்காகத்தான் இத்தனையும். காரணம் சொல்லாமல் குறுக்குவழிகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து, விநாடிக் கணக்கில் விடை சொல்ல வைக்கும் பயிற்சி வகுப்புகள் ஊருக்கு ஊர் நடக்கின்றன. அங்கே பிள்ளைகளின் வாய் வேகமாகிறது. கை அதே இடத்தில் தடுமாறிக்கொண்டே இருக்கிறது. ஒன்பது ஏன் ஓயாமல் வருகிறது என்று பள்ளியில் யாரும் திறந்து காட்டவில்லை என்றால், பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் அதிர்ஷ்டம் வரும் என்று எண் ஜோதிடர் சொல்லும்போது அந்தப் பிள்ளை பெரியவனாகி நம்பிக்கையோடு போய் உட்காரும். ஒன்பது அடிக்கடி வருவதற்குக் காரணம் நாம் பத்து பத்தாக எண்ணுகிறோம் என்பது மட்டுமே. பத்தைக் கடன் வாங்கி ஒன்றைச் சரிக்கட்டிய வீட்டில் மிஞ்சுவது அதுதான்.

கடிதம் எழுதிய ஆசிரியைக்கு ஒரு யோசனை. முதல் நாள் வித்தையை மட்டும் காட்டுங்கள், காரணத்தைச் சொல்லாதீர்கள். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அண்ணனிடமும் அப்பாவிடமும் காட்டி, எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு வரட்டும். மறுநாள் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளை மூன்று வீடுகளாக உட்கார வைத்துக் கடனைக் கையால் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். நடு வீட்டுப் பிள்ளையிடம் கடைசியில் எத்தனை கட்டு மிஞ்சியிருக்கிறது என்று வகுப்பே எண்ணிப் பார்க்கட்டும். அதன் பிறகும் மணி அடிக்கவில்லை என்றால் 1089-ஐ ஒன்பதால் பெருக்கச் சொல்லுங்கள். 9801 வரும். ஏன் அப்படித் திரும்பிக்கொண்டது என்பதை இங்கே எழுதவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் பிள்ளை அடுத்த கடிதத்தைத் தன் கையால் எழுதி அனுப்பட்டும்.