கம்பிக்குள்ளே திருநீறு: கேட்டவருக்கு மட்டும்

தைப்பிங், கமுந்திங், பத்து காஜா, தாப்பா. மலேசியாவின் பேராக்கில் பிறந்தவர்களுக்கு இவை ஊர்ப்பெயர்கள் மட்டுமல்ல, சிறைகளின் பெயர்களும்கூட. தைப்பிங் சிறை 1879-லேயே வந்துவிட்டது.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது லயத்தைக் காலி செய்து ஈப்போ புந்தோங்குக்கு வந்தோம். எங்களைப்போலக் கிளம்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் சிலரைப் பிறகு சிறையில்தான் பார்த்தேன். தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தேவாரக் குழுவோடு தீபாவளிக்கும் சிவராத்திரிக்கும் உள்ளே போய் வருகிறேன். சூடம், தீப்பெட்டி கூடாது. திருநீற்றுப் பொட்டலத்தை வார்டன் பிரித்துப் பார்த்த பிறகே விடுவார்.

“அத்தை, அரசாங்கம் பிடித்துப் போடும், நீங்க போய்ப் பாட்டுப் பாடி அடக்கி வைப்பீங்களா?” என்று கேட்டான் என் தம்பி மகன். நியாயமான கேள்விதான்.

அவன் மனத்தில் இருந்தது கமுந்திங். 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடித்தவரைப் போலீஸ் 60 நாள் வைத்திருக்க முடிந்தது. அதன்பின் அமைச்சரின் கையெழுத்தே போதுமாக இருந்தது, விசாரணையே இல்லாமல் ஈராண்டு. அதை மீண்டும் மீண்டும் நீட்டிக்கவும் முடிந்தது. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூரில் இந்து உரிமைப் போராட்டக் குழுவான இண்ட்ராஃபின் பேரணி நடந்தது. டிசம்பர் 13-இல் அதன் தலைவர்களான உதயகுமார், மனோகரன், கெங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஆகிய ஐவரைப் பிடித்துக் கமுந்திங்குக்கு அனுப்பினார்கள். 2009-இல்தான் வெளியே விட்டார்கள். கோயில்களை ஏன் இடித்தீர்கள் என்பதும் அவர்கள் எழுப்பிய கேள்விகளில் ஒன்று. அப்படிக் கேட்டவர்களுக்கு உள்ளே ஒரு பூசாரியை அனுப்பி வைத்தால், அது ஆறுதலா, கேலியா?

மதமே ஒருவரை உள்ளே தள்ளியதும் உண்டு. 1987-இல் ஓப்பராசி லாலாங் என்ற கைது நடவடிக்கையில் பிடிபட்ட நூற்றுக்கு மேற்பட்டோரில் ஜமாலுதீன் ஓத்மானும் ஒருவர். மலாய்க்காரர்களிடையே கிறிஸ்துவத்தைப் பரப்பினார் என்பது குற்றச்சாட்டு. அரசமைப்பின் 11-ஆம் பிரிவு தரும் சமய உரிமையை உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தால் பறிக்க முடியாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் நீங்கியது.

இப்போது பேராக்கிலேயே உள்ள பீடோருக்கு வருவோம். 2024 பிப்ரவரியில் அங்குள்ள குடிநுழைவுத் தடுப்பு முகாமிலிருந்து 131 பேர் தப்பினார்கள். பெரும்பாலோர் ரோஹிங்யா முஸ்லிம்கள். கூட்டரசின் சமயமும் இஸ்லாம்தான். ஒரே மதம் என்பதால் வேலி இளகவில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தை 2019 ஆகஸ்ட் முதல் இத்தகைய முகாம்களுக்குள் விடவில்லை. என்றைக்கு விடுவார்கள், எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாதவருக்குத் தொழுகையால் மட்டும் அந்தப் பதில் கிடைத்துவிடாது.

இருந்தும் நான் போகிறேன். காரணம், உள்ளே இருப்பவன் கேட்கிறான். கைதிகளை நடத்துவது பற்றி ஐ.நா. 2015-இல் திருத்தி ஏற்ற மண்டேலா விதிகளில் 65-ஆவது விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது: தன் மத குருவைப் பார்க்க எந்தக் கைதிக்கும் தடை போடக்கூடாது, வேண்டாம் என்பவரிடம் வற்புறுத்தவும் கூடாது. இரண்டாவது பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு பையன் என்னிடம், “டீச்சர், சாமி பேச்சு வேண்டாம். எங்கம்மா நல்லா இருக்காங்களா, அது மட்டும் தெரிஞ்சா போதும்” என்றான். திருநீற்றை மூடி வைத்துவிட்டு அவன் அம்மாவைப் பற்றியே பேசினோம். அன்றைய நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான்.

ஆகவே தம்பி மகனுக்கு என் பதில் இது: ஆறுதல் சொல்வது தவறே இல்லை. ஆனால் அது கைதி கேட்டுப் பெறுவதாக இருக்க வேண்டும். பாட வந்தவனுக்கு நல்ல பெயர், வராதவனுக்குக் கெட்ட பெயர் என்று ஆகக்கூடாது. கைதி மனம்விட்டுச் சொன்னது அதிகாரியின் கோப்புக்குப் போகக்கூடாது. விசாரணைக்கும் வழக்கறிஞருக்கும் மாற்றாக யாரும் பஜனையை நீட்டக்கூடாது.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வார்த்தை. திருவிழாவுக்கு உபயம் எழுதும் நோட்டில் சிறைக்குப் போகும் குழுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பார்க்க வரப் பேருந்துக் காசில்லாத ஒரு தாயையாவது அதிலிருந்து அனுப்பி வையுங்கள்.