கல்லூரியில் அரியர் விழுந்தாலும் நர்சிங் படிக்கலாம்: மறுபடி தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூவில் நல்ல மார்க். ஏதோ ஒரு டிகிரியில் சேர்ந்தாச்சு. முதல் வருஷத்திலேயே நாலு அரியர், இரண்டாம் வருஷம் இன்னும் மூணு. பாடம் ஒட்டவே இல்லை. "நர்சிங் படிச்சிருக்கலாமே" என்று மனசு சொல்கிறது. கூடவே ஒரு பயமும் வருகிறது: "இந்த மார்க்ஷீட்டைப் பார்த்தால் எந்த நர்சிங் கல்லூரி என்னைச் சேர்த்துக்கொள்ளும்?"

இந்தக் கேள்வி உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பிள்ளைக்கோ இருந்தால், பதில் நீங்கள் நினைப்பதைவிட நல்லதாகவே இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு டி.சி. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

எந்த மார்க்கைப் பார்ப்பார்கள்?

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. நர்சிங் இடங்களுக்கு மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு கலந்தாய்வு நடத்துகிறது. தரவரிசை போடுவது பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான். இடையில் படித்த டிகிரியின் மார்க்கோ அரியர் எண்ணிக்கையோ அந்தக் கணக்கில் வராது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பழைய கல்லூரியில் பாஸ் செய்த பேப்பர்களும் இங்கே கணக்கில் வராது. இரண்டு வருஷம் விலங்கியல் படித்திருந்தாலும் நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடியாது. எல்லோருக்கும் முதலாம் ஆண்டிலிருந்துதான் ஆரம்பம்.

யாருக்கு எந்தப் படிப்பு?

பி.எஸ்சி. நர்சிங்: நான்கு ஆண்டுகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களுடன் ஆங்கிலமும் படித்துத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். மூன்று அறிவியல் பாடங்களையும் சேர்த்து குறைந்தது 45 சதவீதம் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு.

ஜி.என்.எம். என்கிற டிப்ளமோ நர்சிங்: மூன்று ஆண்டுகள். கவுன்சில் விதிப்படி பிளஸ் டூவில் ஆங்கிலமும் படித்து, குறைந்தது 40 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். கணிதம், வணிகவியல் பிரிவில் படித்தவர்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. அரசு செவிலியர் பயிற்சிப் பள்ளிகளுக்கான அறிவிப்பு பெரும்பாலும் பெண்களுக்கு மட்டும் என்றே வரும். ஆண்கள் அறிவிப்பை ஒரு தடவை நன்றாகப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

ஏ.என்.எம்.: இரண்டு ஆண்டுகள், பெண்களுக்கு மட்டும். கிராம சுகாதாரப் பணிக்கான அடிப்படைப் படிப்பு இது.

டிப்ளமோவில் சேர்ந்தால் அதோடு நின்றுவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஜி.என்.எம். முடித்துப் பதிவு பெற்ற பிறகு, இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படித்துப் பட்டம் வாங்கலாம். அதற்கு மேல் எம்.எஸ்சி. நர்சிங்கும் இருக்கிறது.

வயதைப் பற்றி: சேரும் ஆண்டில் 17 நிறைந்திருக்க வேண்டும். மேல் வரம்பு படிப்புக்குப் படிப்பு மாறும். அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இருக்கும். 20, 21 வயதில் மறுபடி தொடங்குகிறவர்கள் வயதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

விட்டுட்டு வரலாமா, முடிச்சுட்டு வரலாமா?

வீட்டில் பெரிய சண்டையே இதில்தான் வரும். "எப்படியாவது ஒரு டிகிரியை முடிச்சுடு, அப்புறம் நர்சிங் போ" என்பார்கள் அப்பா அம்மா. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள், பாக்கி இரண்டு மூன்று பேப்பர்தான் என்றால், எழுதி முடித்துவிட்டு வருவது நல்லது. நர்சிங்கில் சேர்ந்த பிறகு பழைய அரியருக்கு நேரம் ஒதுக்குவது ரொம்பக் கஷ்டம். முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டின் தொடக்கத்திலோ இருந்து, அரியர் குவிந்துகிடக்கிறது என்றால், இன்னும் இரண்டு வருஷம் அதே இடத்தில் இருப்பது வீண் செலவு.

உதவித்தொகையையும் இங்கே யோசிக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விதிப்படி, ஒரு பட்டத்தை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடத்தில் இன்னொரு பட்டம் படித்தால் தொகை கிடைக்காது. முதல் பட்டதாரி சலுகையும் அப்படித்தான். குடும்பத்தில் யாரும் பட்டதாரி இல்லை என்பதுதான் அதன் அடிப்படை. நீங்களே ஒரு பட்டம் வாங்கிவிட்டால், அந்த முதல் பட்டதாரி நீங்கள்தான். ஆகவே "சும்மா முடிச்சு வைப்போம்" என்று முடிவெடுக்கும் முன் இந்த இரண்டையும் எடை போட்டுப் பாருங்கள்.

பழைய கல்லூரியில் சான்றிதழ் மாட்டிக்கொண்டால்?

மறுபடி தொடங்குகிறவர்களில் பலருக்கு ஒரு வருஷம் வீணாவது மார்க்கால் அல்ல, சான்றிதழால். கலந்தாய்வில் இடம் கிடைத்திருக்கும். டி.சி.யும் அசல் மதிப்பெண் பட்டியலும் பழைய கல்லூரி அலமாரியில் இருக்கும். "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிட்டுப் போ" என்பார்கள்.

உங்கள் உரிமை என்ன? பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வெளியிட்ட அறிவிப்பின்படி, சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்து உடனே திருப்பித் தர வேண்டும். கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. மாணவர் படிக்கும் செமஸ்டருக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம். படிக்காத வருஷங்களுக்கும் சேர்த்துக் கேட்பது இந்த அறிவிப்புக்கு முரணானது.

செய்ய வேண்டியது இதுதான். கலந்தாய்வு தொடங்கும் முன்பே, முதல்வருக்கு எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் படித்த காலத்துக்குக் கட்டணப் பாக்கி இருந்தால் அதைக் கட்டி ரசீது வாங்குங்கள். அப்படியும் தரவில்லை என்றால் பல்கலைக்கழகத்துக்கும், மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும், முதல்வரின் முகவரி உதவி எண் 1100-லும் புகார் செய்யலாம். வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டே நாளைக் கடத்த வேண்டாம். கையில் தாள் இல்லாத புகாருக்கு வலு குறைவு.

போனிலேயே தயார் செய்ய வேண்டியவை

1. டிஜிலாக்கர் செயலியில் உங்கள் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைத் தேடி எடுத்து வையுங்கள்.

2. இ-சேவையில் கேன் எண் இல்லாதவர்கள் முதலில் அதை வாங்குங்கள். உங்கள் கையில் இருக்கிற மொபைல் எண்ணையே கொடுங்கள், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

3. வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். போன தடவை கல்லூரியில் சேரும்போது வாங்கியது இப்போது பயன்படாது. புதிதாக விண்ணப்பியுங்கள்.

4. சாதிச் சான்றிதழில் உள்ள பெயர், இனிஷியல், ஆதாரோடும் பிளஸ் டூ பட்டியலோடும் ஒத்துப்போகிறதா பாருங்கள். திருத்தம் இருந்தால் இப்போதே செய்யுங்கள்.

5. இடைவெளி ஆண்டுகளுக்கு விளக்கம் கேட்கும் கல்லூரிகள் உண்டு. பாதியில் நின்றதை மறைக்காதீர்கள். எந்தக் கல்லூரியில் எப்போதிலிருந்து எப்போது வரை என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். டி.சி.யிலேயே அது இருக்கும், மறைத்தால் சிக்கல்தான்.

6. மாநிலப் பாடத்திட்டம் அல்லாத வாரியத்தில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தகுதிச் சான்றிதழ் தேவைப்படும்.

உயர்கல்வி பற்றிய பொதுவான சந்தேகங்களுக்கு 14417 என்ற எண்ணை அழைக்கலாம்.

பணத்துக்கு வழி

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 வழங்கப்படுகிறது. பழைய கல்லூரியில் இந்தத் தொகை உங்களுக்கு வந்துகொண்டிருந்தால், புதிய கல்லூரியில் இத்திட்டத்தைக் கவனிக்கும் அலுவலரிடம் அதை முதலிலேயே சொல்லுங்கள். பழைய பதிவு இருக்கும்போது சொல்லாமல் புதிதாகப் பதிவு செய்தால் குழப்பம் வரும்.

பழைய படிப்புக்குக் கல்விக் கடன் வாங்கியிருந்தால், வங்கிக்கும் தகவல் சொல்ல வேண்டும். படிக்கும் காலத்தில் தவணை கேட்க மாட்டார்கள். படிப்பு பாதியில் நின்றால் அந்தச் சலுகையும் நின்றுவிடும். சொல்லாமல் விட்டால் தவணை தவறியதாகப் பதிவாகி, நர்சிங் படிப்புக்குக் கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே நிற்கும்.

"சீட் வாங்கித் தர்றேன்" என்பவரிடம் கவனம்

ஒரு படிப்பில் தோற்றுவிட்டோம் என்ற வருத்தத்தில் இருப்பவர்களைத்தான் ஏஜென்ட்கள் முதலில் தேடி வருவார்கள். "மார்க்கே வேண்டாம், ஒரு வருஷத்தில் நர்ஸ் ஆயிடலாம்" என்பார்கள். ஒரு வருஷத்தில் எவரும் பதிவு பெற்ற செவிலியர் ஆக முடியாது. ஹோம் நர்சிங், நர்சிங் அசிஸ்டென்ட் என்ற பெயரில் நடக்கும் குறுகிய காலப் பயிற்சிகளுக்கு அவற்றுக்கான வேலை இருக்கலாம். ஆனால் செவிலியராகப் பதிவு செய்ய முடியாது.

பணம் கட்டும் முன் இரண்டு இடத்தில் பெயரைத் தேடுங்கள்: இந்திய நர்சிங் கவுன்சிலின் இணையதளப் பட்டியல், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பட்டியல். வேறு மாநிலக் கல்லூரி என்றால் அந்த மாநிலக் கவுன்சிலின் பட்டியல். பட்டியலில் இல்லாத கல்லூரியில் நான்கு வருஷம் படித்தாலும் பதிவு எண் கிடைக்காது. பதிவு எண் இல்லாமல் எம்.ஆர்.பி. தேர்வும் எழுத முடியாது, நல்ல மருத்துவமனையில் வேலையும் கிடைக்காது.

போன தடவை எதனால் விழுந்தீர்கள்?

சேர்க்கையில் பழைய அரியரை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த அரியருக்குக் காரணமான பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தால், நர்சிங்கில் அடி பலமாக விழும். இங்கே விதிகள் இன்னும் கறார்.

வருகை: தேர்வு எழுத தியரியிலும் பிராக்டிகலிலும் 80 சதவீதம் வேண்டும். பட்டம் வாங்கும் முன் வார்டு பயிற்சி 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். விட்ட நாளை ஈடுகட்டித்தான் ஆக வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் என்ற கணக்கில் பாடத்திட்டமே அமைந்திருக்கிறது. பகுதி நேர வேலை பார்த்துக்கொண்டு படிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்கவும்.

தேர்ச்சி: பி.எஸ்சி. நர்சிங்கில் ஆங்கிலத்துக்கு 40, மற்ற பாடங்களுக்கு 50 சதவீதம். தியரி, பிராக்டிகல் இரண்டிலும் தனித்தனியாகப் பாஸ் ஆக வேண்டும். முந்தைய அரியர்களை எல்லாம் முடித்தால்தான் ஐந்தாம் செமஸ்டர் தேர்வு எழுதலாம். ஏழாம் செமஸ்டருக்கும் இதே விதி. "கடைசி வருஷம் பார்த்துக்கலாம்" என்பது இங்கே நடக்காது.

ஆங்கிலம்: பாடம் ஆங்கிலத்தில்தான். தமிழ் வழியில் படித்துவிட்டு, பாடம் புரியாமல் அரியர் வைத்தவர்கள் சேர்வதற்கு முன்பே தயாராகலாம். மருத்துவச் சொற்களைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படித்தால் பாதி பயம் போய்விடும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'ஹெப்பட்' கல்லீரல், 'நெஃப்ர்' சிறுநீரகம். அப்படியானால் ஹெப்படைட்டிஸ், நெஃப்ரைட்டிஸ் என்ன என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கணக்கு: பொறியியல் கணிதத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்களுக்கு இங்கே நுண்கணிதம் இல்லை. ஆனால் மருந்தளவுக் கணக்கு உண்டு. 250 மி.கி. கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், பாட்டிலில் 5 மி.லி.க்கு 500 மி.கி. இருக்கிறது என்றால், கொடுக்க வேண்டியது 2.5 மி.லி. 500 மி.லி. டிரிப்ஸை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், டிரிப் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. பள்ளிக்கூடத்துப் பெருக்கலும் வகுத்தலும்தான். ஆனால் இங்கே தப்பினால் போவது மார்க் மட்டும் அல்ல.

மனசு: ரத்தம், வாந்தி, இரவுப் பணி, இறப்பு எல்லாம் முதல் வருஷத்திலிருந்தே பார்க்க வேண்டிவரும். முடிவெடுக்கும் முன் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ தெரிந்த மருத்துவமனையிலோ வேலை பார்க்கும் ஒரு சிஸ்டரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். ஒரு நாள் டியூட்டி எப்படிப் போகும் என்று கேளுங்கள். அதைக் கேட்ட பிறகும் ஆசை குறையவில்லை என்றால், தைரியமாக விண்ணப்பியுங்கள்.

இந்த வாரமே செய்ய வேண்டியது மூன்றே மூன்று: பிளஸ் டூவின் மூன்று அறிவியல் பாட மார்க்கைக் கூட்டிச் சதவீதம் பாருங்கள். பழைய கல்லூரியில் எந்தெந்த அசல் இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். வருமானச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள். விண்ணப்ப அறிவிப்பு வரும் நாளில் இவை மூன்றும் தெளிவாக இருந்தால், கடைசி நேரத்தில் அங்குமிங்கும் ஓட வேண்டியிருக்காது.