சமையல் முதலா, குறிப்பு முதலா?

செல்களை வளர்ப்பதற்கு ஆய்வுக்கூடங்களில் ஒரு சத்து நீர் வைத்திருப்பார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ரால்ஸரின் குழுவினர் வழக்கமான தரச் சோதனையாக அந்த நீரைப் பரிசோதித்தபோது அதில் பைருவேட் தென்பட்டது. நம் உடல் குளுக்கோஸைப் படிப்படியாக உடைத்துச் சக்தி எடுக்கிறதே, அந்த வரிசையின் கடைசியில் நிற்கும் பொருள் அது. செல்லுக்குள் ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி தேவை. நொதியே இல்லாத நீரில் அது எங்கிருந்து வந்தது?

ரால்ஸர் அதை விடவில்லை. குளுக்கோஸ் உடையும் பாதையில் வரும் சர்க்கரை பாஸ்பேட்டுகளைத் தண்ணீரில் கரைத்து, 70 டிகிரி செல்சியஸில் 5 மணி நேரம் வைத்தார்கள். செல்லுக்குள் நடப்பதை ஒத்த 29 வினைகள் தாமாகவே நடந்தன. ஆதிக் கடலில் இருந்ததுபோல இரும்பைச் சேர்த்ததும் அவை இன்னும் வேகம் எடுத்தன. அன்று காற்றில் ஆக்சிஜன் கிடையாது. அதனால் இரும்பு துருவாகப் படியாமல் கடலில் ஏராளமாகக் கரைந்து கிடந்தது. மரபுச் செய்தியைச் சுமக்கக்கூடிய ஆர்என்ஏ என்ற மூலக்கூறின் முதுகெலும்பில் இருக்கும் ரைபோஸ் பாஸ்பேட்டும் அந்தச் சோதனையில் உருவானது. 2014-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

உயிர் ஆர்என்ஏ-வில்தான் தொடங்கியது என்பவர்கள் பலர். அது சமையல் குறிப்பு முதலில், சமையலான இந்த வினைகள் பிறகு என்பதுபோல. எனக்கு அது ஒப்பவில்லை. அடுப்பு மூண்டு ஏதோ ஒன்று வெந்துகொண்டிருந்தால்தான் குறிப்பு எழுதுவதற்கே பொருள் உண்டு.

ரால்ஸரின் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. அங்கே நடந்த வினைகள் பெரும்பாலும் சர்க்கரையை உடைப்பவை. உடைப்பதற்குச் சர்க்கரை முதலில் வேண்டுமே! வெறும் கரியமில வாயுவிலிருந்து ஒன்றைக் கட்டுவதல்லவா கடினம்?

இங்கேதான் கல் பேசுகிறது. பூமியின் அடியிலிருந்து மேலே வரும் ஆலிவின் என்ற பச்சைக் கல்லில் இரும்பு இருக்கிறது. வெந்நீர் அதில் ஊறும்போது இரும்பு, நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு மேக்னடைட்டாக மாறுகிறது. மிச்சமாக ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. கூடவே நீர் சுண்ணாம்புத் தண்ணீர்போலக் காரமாகிவிடுகிறது. 2000 டிசம்பரில் அட்லாண்டிக் நடுக்கடலின் அடியில் கண்டறியப்பட்ட 'லாஸ்ட் சிட்டி'யில் இன்றும் இது நடக்கிறது. 40 முதல் 90 டிகிரி வரையிலான நீர், வெள்ளைச் சுண்ணாம்புக் கோபுரங்கள் வழியாகக் கசிகிறது. அவற்றில் மிக உயர்ந்தது சுமார் 60 மீட்டர்.

ஜெர்மனியின் டூசல்டோர்ஃபில் பில் மார்ட்டினின் குழுவினரும் உடன் உழைத்தவர்களும் 2020-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இத்தகைய ஊற்றுகளோடு தொடர்புடைய மேக்னடைட், நிக்கல்-இரும்புக் கலவை போன்ற கனிமங்களின் பொடியோடு ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் 100 டிகிரி நீரில் ஓர் இரவு முழுக்க வைத்தார்கள். விடிந்தபோது, அந்த வாயுவின் கார்பனிலிருந்து கட்டப்பட்ட ஃபார்மேட் இருந்தது, அசிட்டேட் இருந்தது. பைருவேட்டும் இருந்தது! மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பத்துக்கு மேற்பட்ட நொதிகளை வைத்துச் செய்யும் வேலை இது.

அந்த நொதிகளில் பலவற்றைத் திறந்து பார்த்தால், நடுவில் உட்கார்ந்திருப்பவை இரும்பும் நிக்கலும் கந்தகமும்தான். நம் உடலிலும் இதன் சாயல் உண்டு. நாம் தின்ற சோற்றிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கி மூச்சுக்காற்றின் ஆக்சிஜனை நோக்கிக் கடத்தும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் புரதக் கூட்டில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த 8 சிறு முடிச்சுகள் இருக்கின்றன. எலக்ட்ரான்கள் அவற்றின் வழியேதான் தாவிச் செல்கின்றன.